சிபாப் மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: 4 மார்ச் 2024

ஸ்லீப் ஸ்டடியில் (இரவுத் தூக்கப் பரிசோதனை) எனக்கு மணிக்கு 38 முறை மூச்சு தடைப்படுவதாக வந்திருக்கிறது. மருத்துவர் சொன்னபடி, தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் இயந்திரம் வாங்கி நான்கு இரவுகள் ஆகின்றன. மாஸ்க்கை மாட்டிப் படுத்த கால் மணி நேரத்தில் யாரோ மூக்கைப் பிடித்து அழுத்துவது போல் இருக்கிறது. நேற்று இரவு இரண்டு மணிக்குக் கழற்றி வைத்துவிட்டு, பழையபடி குறட்டை விட்டே தூங்கினேன். என் முகவாகுக்கு இது ஒத்துவராது என்றே முடிவு செய்திருக்கிறேன். பழகியவர்கள் யாரேனும் இருந்தால் பூசி மெழுகாமல் சொல்லவும்.

பதில்: 4 மார்ச் 2024, இரவு

திருப்பிக் கொடுக்க வேண்டாம். 2022 பிப்ரவரியில் எனக்கு 46 என்று வந்தது. மணிக்கு 5 வரை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. நீங்களும் நானும் ஒரே வகுப்பு மாணவர்கள்தாம். முதல் வாரம் நானும் கழற்றி எறிந்தேன். பத்து நாளில் பழகிவிட்டது.

‘ஒத்துவராது’ என்று ஒரே சொல்லில் முடிப்பதுதான் தவறு. படுத்தவுடன் முட்டுகிறதா, நடு இரவில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறதா, காலையில் நாக்கு அட்டையாய் வறண்டிருக்கிறதா, வயிறு உப்புகிறதா? இவை நான்கும் நான்கு வெவ்வேறு தொல்லைகள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். உங்களுக்கு இருப்பது முதல் வகை. இயந்திரத்தில் ‘ராம்ப்’ என்று ஒரு வசதி இருக்கும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றும். அதை மிகக் குறைந்த அளவான 4-இல் தொடங்கி, முக்கால் மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5 மார்ச் 2024, காலை

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். 4-இல் தொடங்கச் சொன்னது பொதுவாக எல்லோரும் சொல்வது. நானும் கிளிப்பிள்ளை போல் சொல்லிவிட்டேன். படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் என் சொந்தக் கதை நினைவுக்கு வந்தது. எனக்கு மூச்சு முட்டியதே அந்த 4-இல்தான். அழுத்தம் அதிகமாகி அடைக்கிறது என்று நான் நினைத்திருக்க, ‘உங்களுக்குக் காற்று போதவில்லை, ஒரு பெரிய ஆள் ஒரு சிறிய குழாய் வழியாக இழுக்கிறீர்கள்’ என்று டெக்னீஷியன் சொன்னார். மருத்துவரைக் கேட்டுத் தொடக்க அளவை 6-ஆக உயர்த்தினார்கள். அன்றைக்கே அந்தப் பதற்றம் பாதியாகக் குறைந்தது.

இந்த எண்கள் நீர்ப்பத்தியின் உயரத்தைக் குறிப்பவை. 10 என்றால் பத்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம், அதாவது ஏறக்குறைய ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரின் அடியில் இருக்கும் அழுத்தம். தூங்கும்போது தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டையை விரித்து வைக்க அது போதும். நுரையீரலை ஊதிவிடும் என்று நான் பயந்ததெல்லாம் வீண்.

மூச்சை வெளியே விடும் கணத்தில் மட்டும் அழுத்தத்தை ஓரிரு படிகள் தணிக்கும் வசதியும் பெரும்பாலான இயந்திரங்களில் உண்டு. அதையும் கேளுங்கள். நீங்களாக மெனுவுக்குள் புகுந்து மாற்றாதீர்கள். நான் அப்படி ஒருமுறை கையை வைத்து இரண்டு இரவுகளைப் பாழாக்கினேன்.

7 மார்ச் 2024

பகலில் பழகுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரவு பத்து மணிக்கு, தூக்கம் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தோடு ஒரு புதிய பொருளை முகத்தில் மாட்டினால் உடம்பு அதை எதிரியாகத்தான் பார்க்கும். நான் செய்தது இதுதான். மாலையில் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டைகளை மாட்டாமல், இயந்திரத்தை ஓடவிட்டு, மாஸ்க்கைக் கையால் மூக்கின் மேல் பிடித்துக்கொண்டேன். எப்போது வேண்டுமானாலும் கையை எடுத்துவிடலாம் என்பது தெரிந்திருந்தால் பயம் வருவதில்லை. முதல் நாள் நாலைந்து நிமிடம்தான். மறுநாள் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பட்டைகளை மாட்டித் தலையங்கம் முழுவதையும் படித்தேன். அதற்கு அடுத்த படியாக மதியம் அரை மணி நேரம் படுத்தேன். இதற்கு நடுவில் என் பேரன் வந்து பார்த்துவிட்டு, ‘பிள்ளையார் தாத்தா’ என்று பெயர் வைத்துத் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். குழாய் நெற்றிக்கு மேலே இணையும் வகை மாஸ்க் வாங்கியிருந்தால் அந்தப் பெயர் எனக்கு வந்திருக்காது.

வாயைத் திறந்து மூச்சு விடப் பார்த்தால் மூக்கு மாஸ்க்கில் காற்று வாய் வழியாகக் கொட்டும். அதுவும் ஒரு திணறலாகத்தான் தெரியும். வாயை மூடி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, மெதுவாக நீட்டி வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது தானாக வரும்.

இதைப் படித்தவர் ஒருவர், இந்த இயந்திரத்தையே ஏதோ வியாபாரத் தந்திரம் என்கிறார். 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்தியபோது, அந்த நோயாளிக்கு இருந்த மாற்றுவழி கழுத்தில் துளையிடும் அறுவைச் சிகிச்சைதான். அப்போது மாஸ்க்கைச் சிலிக்கோன் பசையால் மூக்கின் மேல் ஒட்டினார்களாம். அடுத்த ஆண்டு ‘லான்செட்’ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பட்டை உறுத்துகிறது என்று புலம்பும் போதெல்லாம் நான் அந்தப் பசையை நினைத்துக்கொள்வேன்.

9 மார்ச் 2024

இரண்டாவது தொல்லையான கசிவுக்கு வருகிறேன். உங்களுக்கும் நேற்று தொடங்கிவிட்டது என்கிறீர்கள். காற்று கசிந்தால் பட்டையை இறுக்குவது மனித இயல்பு. நானும் இறுக்கினேன், மறுபடியும் கசிந்தது, மறுபடியும் இறுக்கினேன். ஒரு வாரத்தில் மூக்குத் தண்டின் மேல் தோல் சிவந்து வழண்டு, கண்ணாடி போட முடியாமல் போயிற்று. மாஸ்க்கின் விளிம்பில் உள்ள சிலிக்கோன் மெத்தை காற்றால் உப்பி முகத்தில் மிதந்தபடி இருந்தால்தான் அடைக்கும். இறுக்கினால் அது நசுங்கி மடிந்து, அந்த மடிப்பின் வழியாகவே காற்று போகும். ஆகவே உட்கார்ந்த நிலையில் சரிபார்க்காதீர்கள். படுத்துக்கொண்டு, காற்று முழு அழுத்தத்தில் ஓடும்போது பட்டைகளைத் தளர்த்தி, மாஸ்க்கைச் சற்று முன்னே இழுத்து விட்டுவிடுங்கள். அது தானே உட்காரும். பிறகு இரு பக்கமும் ஒரே அளவாக, கசிவு நிற்கும் வரை மட்டும் இழுங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

அளவும் முக்கியம். எனக்கு முதலில் மாஸ்க் விற்றவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டே ‘மீடியம்’ என்று கொடுத்தார். மாற்றித் தரக் கேட்டதற்கு, உறையைப் பிரித்துவிட்டீர்கள் என்றார். பிரிக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது என்ற கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை. பின்னர் அளவு அட்டையை வைத்துப் பார்த்தபோது எனக்கு வேண்டியது ‘ஸ்மால்’.

இன்னொன்று: மாஸ்க்கின் முன்புறம் உள்ள சிறு துளைகளில் எப்போதும் காற்று போய்க்கொண்டுதான் இருக்கும். அது கசிவு அன்று. நாம் வெளியே விடும் கரியமில வாயு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்தக் காற்று என் மனைவியின் கழுத்தில் அடித்ததால் அவர் அந்தத் துளைகளின் மேல் ஒரு துண்டைச் சுற்றிவிட்டார். நல்லவேளை, அன்றே பார்த்தேன். அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது. தலையணையை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

9 மார்ச் 2024, சற்று முன் எழுதியதன் தொடர்ச்சி

முக்கியமானதை விட்டுவிட்டேன்: தேங்காய் எண்ணெய். படுக்கும் முன் தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் தடவும் வழக்கம் உள்ளவர்களுக்கு எந்த மாஸ்க்கும் நிற்காது; சறுக்கிக்கொண்டே இருக்கும், சிலிக்கோனும் சீக்கிரம் கெட்டுப்போகும். முகத்தை வெறுமனே கழுவித் துடைத்துவிட்டு மாட்டவும். காலையில் மெத்தையை மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தவும். வெயிலில் வைக்க வேண்டாம். எண்ணெய்க் குளியலன்று நன்றாகச் சீயக்காய் தேய்த்தும் கசிந்தது என்றால் என்னைத் திட்டாதீர்கள், எனக்கும் அப்படித்தான்.

12 மார்ச் 2024

ஓர் ஒப்புதல் வாக்குமூலம். பத்து நாளில் பழகிவிட்டது என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா? அதை என் மனைவி படித்துவிட்டார். எங்கள் வீட்டில் மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவது வழக்கம். 2022-இல் பால் கணக்குக்குக் கீழே, இயந்திரத்தின் திரையில் காட்டும் மணிக்கணக்கையும் அவர் தினமும் காலையில் எழுதி வந்திருக்கிறார். அந்தப் பழைய காலண்டரைப் பரணிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

முதல் இரவு, பிப்ரவரி 12: ஐம்பது நிமிடம். இரண்டாம் இரவு: ஒரு மணி பத்து நிமிடம். மூன்றாம் நாள் பெருக்கல் குறி, அதாவது மாட்டவே இல்லை. பத்தாம் நாள் இரண்டு மணி நேரம். இதைத்தான் நான் ‘பழகிவிட்டது’ என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறேன். மூன்றாம் வாரத்தில் சளி பிடித்து நான்கு பெருக்கல் குறிகள். ஆறு மணி நேரத்தை முதன்முதலாகத் தொட்டது மார்ச் 27 அன்று. எண்ணிப் பார்த்தால் நாற்பத்து நான்காவது இரவு.

நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகு, தூங்காத இரவுகளை மனம் சுருக்கிவிட்டது. ஆனால் இப்படிப் ‘பத்து நாள்’ என்று சொல்லும் என்னைப் போன்றவர்களை நம்பித்தான் பதினோராம் நாள் பலர் இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. உங்களுக்கு இன்று பதின்மூன்றாம் இரவு. நேற்று மூன்று மணி நேரம் என்கிறீர்கள். அந்தக் காலண்டரின்படி நீங்கள் என்னைவிட முன்னால் இருக்கிறீர்கள்.

15 மார்ச் 2024

மூன்று மணிக்குக் கழற்றிவிடுகிறேன், அதுவரை போட்டதே போதாதா என்று கேட்கிறீர்கள். போட்டவரை நன்மைதான். அமெரிக்காவில் மெடிக்கேர் காப்பீட்டுக்கு முப்பது நாள் கணக்கில் 70 சதவீத இரவுகள், இரவுக்கு நான்கு மணி நேரம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்; அதனால் நான்கு மணி நேரம் என்ற எண் எங்கும் அடிபடுகிறது. அது பணம் கொடுப்பதற்கான வரம்பே தவிர, உடம்புக்கான வரம்பு அன்று. கனவு காணும் தூக்கம் விடியலை ஒட்டிய பகுதியில்தான் நீளமாக வருகிறது. அப்போது தசைகள் மிகவும் தளர்வதால், பெரும்பாலோருக்கு மூச்சுத்தடை அந்த நேரத்தில்தான் மோசமாகிறது. என் ஸ்லீப் ஸ்டடியில் ஆக்சிஜன் 74 சதவீதத்துக்கு இறங்கியது அதிகாலையில்தான். மூன்று மணிக்குக் கழற்றுவது, மழை வலுக்கும் நேரத்தில் குடையை மடக்குவதாகும்.

ஆகவே விழிப்பு வந்தால் கழற்றாமல், இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட விடுங்கள்; ராம்ப் தொடக்கத்திலிருந்து வரும். சிறுநீர் கழிக்கப் போகும்போது குழாயை மட்டும் பிரித்துவிட்டு மாஸ்க்கோடு போய் வரலாம். கூடத்தில் படுத்திருக்கும் விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. என் மைத்துனர் ஒருமுறை அலறிவிட்டார்.

தூக்க மாத்திரை போட்டால் பழகிவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டு நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். சில மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

2 ஏப்ரல் 2024

வயிற்று உப்புசம் எனக்கும் இருந்தது. காலையில் வயிறு கல்யாணச் சாப்பாடு முடித்த மாதிரி இருக்கும். ஏப்பம் ஏப்பமாக வரும். காற்று மூச்சுக்குழாய்க்குப் போகாமல் உணவுக்குழாயில் இறங்குவதுதான் காரணம். இரவு உணவை எட்டு மணிக்கு முன் முடித்தது, தலைப்பக்கம் சற்று உயர்த்தியது, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தது ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ததால் எது உதவியது என்று சொல்ல இயலவில்லை. இவற்றுக்கு அடங்காவிட்டால் அழுத்தம் கூடுதலாக இருக்கலாம். இயந்திரத்தின் பதிவு அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். உப்புநீர் ஸ்பிரே எனக்குப் போதுமானதாக இருந்தது. அடைத்த மூக்கோடு மூக்கு மாஸ்க் போடுவது, சாத்திய கதவின் முன் மின்விசிறியை வைப்பது போலத்தான்.

6 மே 2024

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. தஞ்சாவூரில் நள்ளிரவிலும் சுவர் சுடுகிறது. அறையின் காற்றைத்தான் இயந்திரம் இழுத்துத் தருகிறது என்பதால் வெந்நீர் ஆவி போல் வருகிறது. மாஸ்க்குக்கு அடியில் வியர்த்து நமைக்கிறது. பழைய வேட்டித் துணியை மாஸ்க்கின் வடிவில் வளையமாக வெட்டி இடையில் வைத்தேன். வியர்வை நின்றது. எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

நேற்று இரவு ஒரு மணிக்கு மின்சாரம் போயிற்று. காற்று நின்றதும் திடுக்கிட்டு எழுந்தேன். இந்தப் பயத்தால் மாஸ்க்கே வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குகளில், காற்று நின்றதும் திறந்துகொண்டு அறைக் காற்றை உள்ளே விடும் தடுக்கு ஒன்று உண்டு. மூக்கு மாஸ்க் என்றால் வாய் மூடப்படாமல் வெளியேதான் இருக்கிறது. எப்படியும் விழிப்பு வந்ததும் கழற்றிவிடுவோம். இன்வெர்ட்டரில் இணைப்பதானால், மின்சாரத்தை அதிகம் தின்பது காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரின் சூடேற்றும் தட்டுதான் என்பதை நினைவில் வையுங்கள். மின்தடை இரவுகளில் அதை அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் தாங்குகிறது.

19 மே 2024

வேட்டித் துணிப் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். பதினைந்து நாள் பதிவைப் பார்த்தபோது கசிவு முன்பைவிட இரண்டு மடங்காகியிருந்தது. வியர்வை நின்றதற்குக் காரணம், கசிந்த காற்று விசிறியதுதான்! மகன் ஏ.சி. மாட்டிக் கொடுத்துவிட்டதால் துணிக்கும் வேலை இல்லை.

ஏ.சி. வந்ததும் புதிய கதை. குழாய்க்குள் ஈரக் காற்று குளிர்ந்து நீராகி, அதிகாலையில் ஹூக்கா போல் குடுகுடுவென்று சத்தம். பிறகு மூக்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர். ஈர அளவை ஒரு படி குறைத்து, குழாயைப் போர்வைக்கு அடியில் விட்டதும் சரியாயிற்று.

தண்ணீர் பற்றிக் கேட்டவருக்கு: ஹியூமிடிஃபையரின் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்றச் சொல்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் போதும் என்று நான் முதல் மாதம் செய்தேன். உப்பு எங்கேயும் போகாது, தட்டில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் நீரும் அதுதானே என்கிறீர்கள். அது பேட்டரிக்காகத் தயாரிக்கப்படுவது, மூச்சுக்காக அன்று. மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றவும்.

29 டிசம்பர் 2024

கார்த்திகை முதல் நாள் மாலை போட்டேன். தாடி வளர வளரக் கசிவு ஏறியது. விரதத்தில் சவரம் செய்ய முடியாது, இயந்திரத்தையும் விட முடியாது. மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் குமிழ் வகை மாஸ்க்கை வாங்கி மாட்டியபோது தாடி ஒரு பொருட்டாகவே இல்லை. முதல் மூன்று நாள் துளைகளின் விளிம்பு எரிந்தது. அளவை ஒன்று மாற்றியதும் அடங்கியது. இரண்டரை ஆண்டுகளாக மூக்குத் தண்டில் இருந்த தழும்பு இப்போது மங்குகிறது. இதை முதலிலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் முதல் மாதத்தில் இருந்த பதற்றத்தில் மூக்குக்குள் எதையும் விட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

மலைக்குப் போன இரண்டு இரவுகளும் இயந்திரம் இல்லை. நன்றாகப் பழகிவிட்டோம், இரண்டு நாள் தாங்கும் என்று எண்ணினேன். முதல் இரவே என் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்த சாமிகள் எழுந்து இடம் மாறிவிட்டார்கள். காலையில் அந்தப் பழைய தலைவலி, நெற்றியில் கல் வைத்தது போல். இது தொண்டையைத் தாங்கிப் பிடிக்கும் முட்டுக்கொம்பு. எடுத்த அன்றே பந்தல் சாய்கிறது.

11 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் பத்து மாதங்களுக்குப் பிறகு வந்து தம் பதிவை ஒட்டியிருக்கிறார்: சராசரி ஆறு மணி ஐந்து நிமிடம், மூச்சுத்தடை மணிக்கு 2.8. ஆனால் கடந்த மூன்று வாரங்களாகக் கசிவு ஏறிக்கொண்டே போகிறது, முகம் மெலிந்துவிட்டதா என்று கேட்கிறார்.

மெத்தையை மாற்றி எத்தனை மாதம் ஆகிறது? மார்ச்சில் வாங்கியதே இன்னும் ஓடுகிறது என்றால் சிலிக்கோன் தளர்ந்திருக்கும். விளிம்பை விரலால் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். உடனே பழைய வடிவுக்குத் திரும்பாவிட்டால் மெத்தையை மட்டும் மாற்றுங்கள், முழு மாஸ்க்கையும் விற்கப் பார்ப்பார்கள். மார்கழி முழுக்கத் தலைக்கு எண்ணெய் வைத்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்.